வினை மட்டும் வந்து சேர்ந்தது

இரண்டு கொட்டேஷன்,
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
விஜுகுமார் கடையில் எழுதி வாங்கியது.
ஒன்றில் பதினொரு வரி:
போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ராம், விசிறி மூன்று,
யுபிஎஸ் தனி.
மற்றதில் ஒரே வரி:
கன்சோல், இரண்டு கன்ட்ரோலரோடு.
சீட்டுப் பணம் எழுபத்திரண்டாயிரம்
அலமாரியில், என் யூனிஃபார்முக்கு அடியில்.

ஜெலஸ்டினுக்குக் கன்சோல்தான்.
"ராத்திரி முழுக்க வீல்ஹவுஸில
ஒரு ஸ்கிரீன் முன்னாலதான் இருக்கேன்.
மீன் பச்சையா வரும், மஞ்சளா வரும்,
மூக்கு முட்டுற தூரம்.
வீட்டுக்கு வந்தும் ஒரு நாற்காலி, ஒரு ஸ்கிரீன், ஒரு ஆளா?
கட்டில்ல சாஞ்சு, நீயும் நானும்
ஆளுக்கொண்ணு கையில பிடிச்சு
பந்து அடிக்கணும். அவ்வளவுதான்."
சின்னத்துறையில் மச்சான் வீட்டில்
ஒன்பது கோல் வாங்கித் தோற்றவன்.
பிறகும் "இன்னொரு மேட்ச்" என்றவன்.

எனக்குக் கம்ப்யூட்டர்.
ஐசியுவில் பன்னிரண்டு மணி நேரம்
எட்டு மானிட்டர்.
ஒன்றிலும் ஜெயிக்க முடியாது,
கோடு நேராகிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.
விடிந்து வந்து, குளித்து, தலை துவட்டாமல் உட்கார்ந்து
ஒரு நகரம் கட்ட வேண்டும்.
சாக்கடை போட்டு, பஸ் விட்டு,
பிடிக்காத பாலத்தை ஒரே சொடுக்கில் இடித்து.
பெட்டியைத் திறக்கவும் வேண்டும்.
பழுதானால் எது பழுதென்று தெரிய வேண்டும்.
திறக்க முடியாத வெள்ளைப் பெட்டியை
எனக்கு நம்பத் தெரியாது.

அப்புறம் கணக்கு இருக்கிறது.
நாற்பது நாள் கடல், எட்டு நாள் கரை.
எட்டில் இரண்டு தூண்டில் சரிபார்க்க,
ஒன்று தூங்க, ஒன்று கோயிலுக்கு.
நாலு நாளைக்கு ஒரு கன்சோலா?
நான் கேட்கவில்லை. அவன் காதில் விழுந்திருக்கும்.
பதில் சொல்லாமல் மரச்சீனிக் கிழங்கில்
மீன்குழம்பை ஊற்றிக்கொண்டான்.

விஜுகுமாருக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு.
"தூத்தூரா? கடல் பக்கமா?
எதை வாங்கினாலும் துருப்பிடிக்கும் அக்கா.
கம்ப்யூட்டர்னா துண்டு துண்டா,
கன்சோல்னா மொத்தமா."
சொல்லிவிட்டு அவர் சிரித்தது பிடிக்கவில்லை.
அன்றைக்கு முதல்முறையாக ஒரே கட்சியில் நின்று
அவர் வாங்கிவைத்த டீயைக் குடிக்காமல் வெளியே வந்தோம்.

முடிவாகாமலே
தேங்காப்பட்டணத்திலிருந்து படகு போனது.

பதினேழாம் நாள்
அவன் வயர்லெஸ்ஸில் சொன்னதை
அடுத்த படகு கேட்டு, அதற்கடுத்தது கேட்டு,
கரைக்கு வந்துகொண்டிருந்த தாசையன் போன் செய்தான்:
"உன் மாப்பிள்ளை சொன்னான், வாங்கிருன்னு."
எதை?
"அதுக்கு முன்னால ஒரே இரைச்சல், மக்கா.
வாங்கிரு மட்டும் தெளிவா கேட்டுது."

நம் மொழி அப்படி.
பொருள் முன்னால் போய் முதல் அலையில் மூழ்கும்.
வினை மட்டும் நனையாமல் வந்து சேரும்.

நைட் டியூட்டியில் எட்டு மானிட்டருக்கு நடுவே
சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
கம்ப்யூட்டரே வாங்கிரு: விட்டுக்கொடுத்திருக்கலாம்.
கன்சோல்தான் வாங்கிரு: பிடிவாதம்.
எதையாவது வாங்கிரு: தூக்கக் கலக்கம்.
மூன்றுக்கும் அவன் குரல் பொருந்தியது.

ஆஃப் நாளில் பஸ் ஏறினேன்.
பதினொரு வரிக் காகிதத்தை நீட்டினேன்.
யாரும் பார்க்காத மேட்சில் கோல் போட்டதுபோல்
கூச்சமாக இருந்தது.
"இதில ரெண்டு கன்ட்ரோலர் செருகலாமா?"
"செருகலாம்."
"டிவிக்கு இழுக்கலாமா? கட்டில்ல இருந்து பார்க்க?"
"இழுக்கலாம். கேபிள் எவ்வளவு நீளம்?"

அளந்து வரவில்லை.
கயிறு அளக்க அவன் செய்வதைச் செய்தேன்.
இரண்டு கையையும் விரித்து,
"இப்படி ரெண்டு பாகம்."

கடையிலிருந்த பையன்கள் திரும்பினார்கள்.
"மீட்டர்ல சொல்லுங்க அக்கா" என்றார் விஜுகுமார்.
நான் கையை மடக்கவில்லை.